தொடக்கப்பள்ளியில் இஸ்லாமியக் கல்வி: கொள்கையை வகுப்பறை வழக்கமாக்கும் முறை

முஸ்லிம் நிர்வாகத்தில் நடக்கும் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் இஸ்லாமியக் கல்வி வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு பாடவேளைகளில் அடங்கிவிடுகிறது. தீனிய்யாத் என்று பெயரிட்ட அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் குர்ஆனின் சிறிய ஸூராக்களை (அத்தியாயங்களை) மனப்பாடம் செய்கிறார்கள், நம்பிக்கை வாசகங்களான கலிமாக்களை ஒப்பிக்கிறார்கள், தொழுகைக்கு முன் தண்ணீரால் தூய்மை செய்யும் உளூவின் ஃபர்ளுகளை (கட்டாயச் செயல்களை) விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார்கள். மணி அடித்ததும் கணக்கும் அறிவியலும் தொடங்குகின்றன. சற்றுமுன் ஓதியதற்கும் இப்போது படிப்பதற்கும் ஏதேனும் உறவு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அத்தகைய பள்ளியின் தலைமையாசிரியருக்கும், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், பள்ளிவாசலில் காலையிலோ மாலையிலோ மக்தப் என்ற ஓதல் வகுப்பு நடத்தும் உஸ்தாதுக்கும் (மார்க்க ஆசிரியருக்கும்) எழுதப்படுகிறது. இஸ்லாமியக் கல்வியின் அடிப்படைக் கருத்துகள் தீனிய்யாத் பாடவேளையில் தெரிவதைவிடப் பள்ளியின் அன்றாட நடப்பில் தெரிய வேண்டும் என்பது இதன் நிலைப்பாடு. தண்ணீர்க் குழாயடியிலும், மதிப்பெண் பட்டியலிலும், தவறு செய்த பிள்ளையிடம் ஆசிரியர் பேசும் முதல் வாக்கியத்திலும் அவை தெரிய வேண்டும்.

மூன்று சொற்களிலிருந்து தொடங்குதல்

கல்வியைக் குறிக்க அரபி மொழியில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. தஃலீம் என்பது அறிவைக் கற்றுக்கொடுத்தல். தர்பிய்யத் என்பது நாற்றங்காலில் பயிரைப் பேணுவதுபோலப் பிள்ளையைப் படிப்படியாக வளர்த்தெடுத்தல். தஃதீப் என்பது அதபைப் பழக்குதல். 1977ஆம் ஆண்டு மக்காவில் நடைபெற்ற முதலாவது உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில் இம்மூன்றும் விரிவாக விவாதிக்கப்பட்டன. மலேசிய அறிஞர் செய்யித் முஹம்மத் நகீப் அல்-அத்தாஸ், கல்வி என்பதற்கு மிகப் பொருத்தமான சொல் தஃதீப்தான் என்று வாதிட்டார். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் எது என்பதை அறிந்து, அறிந்தபடி அதனிடம் நடந்துகொள்வதே அதபு என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

அதபு தமிழ் முஸ்லிம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல்தான். 'அதபா உட்காரு' என்று சொல்லாத உம்மா கிடையாது. ஆயினும் வீட்டு வழக்கில் அதன் பொருள், கைகட்டி வாய்பொத்தி இருப்பது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. புத்தகத்தைக் காலில் படாமல் வைப்பது, பக்கத்தில் இருப்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது, எறும்புப் புற்றைக் கலைக்காமல் தாண்டிப்போவது, தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வது ஆகியவையும் அதபுதான் என்பதைப் பள்ளி மீட்டெடுக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பாடமாக இருந்தாலும், ஆசிரியர் தம் பாடக்குறிப்பின் அடியில் மூன்று வரிகள் எழுதிக்கொள்ளலாம்: பிள்ளை இன்று எதை அறியப்போகிறது, எந்தப் பழக்கம் இதனால் வளரும், அறிந்த பொருளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்பில் தாவரத்தின் பாகங்களைப் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். வேர், தண்டு, இலை என்பன அறிவு. முறை வைத்துக்கொண்டு தொட்டிச் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது பழக்கம். போகிற போக்கில் இலையைக் கிள்ளிப் போடாதிருப்பது அதபு. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிறது என்ற நபிமொழி இப்பாடத்தில் தானாகவே வந்து பொருந்தும். மூன்றாவது வரிக்கு எதுவும் தோன்றாத நாள்களும் இருக்கும். அன்று அதை வெறுமையாக விட்டுவிடலாம். வலிந்து நிரப்பிய வரியைப் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

தீன் (மார்க்கம்) வேறு, துன்யா (உலகம்) வேறு என்ற சுவரை அகற்றுதல்

இஸ்லாமியக் கல்விச் சிந்தனையின் அடித்தளம் தவ்ஹீத், அதாவது இறைவன் ஒருவனே என்ற கொள்கை. படைத்தவன் ஒருவன் என்றால், அவன் அருளிய வேதத்தைப் பற்றிய அறிவும் அவன் படைத்த உலகத்தைப் பற்றிய அறிவும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் அருளப்பட்ட வசனங்கள், அதாவது 96ஆம் அத்தியாயத்தின் முதல் ஐந்து வசனங்கள், ஓதும்படி கட்டளையிட்டுத் தொடங்குகின்றன. இறைவன் எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்தான், மனிதன் அறியாதவற்றை அவனுக்குக் கற்றுக்கொடுத்தான் என்று தொடர்கின்றன. இரண்டாம் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் ஆதம் (அலை) அவர்களுக்கு எல்லாப் பொருள்களின் பெயர்களும் கற்பிக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய வசனம் மனிதனைப் பூமியில் கலீஃபாவாக, அதாவது பொறுப்பாளனாக, ஆக்குவதைப் பேசுகிறது. பொறுப்பும் பெயர் அறிதலும் அடுத்தடுத்து வருவது கவனிக்கத்தக்கது: பெயரே தெரியாத ஒன்றை யாராலும் பராமரிக்க முடியாது.

இந்தச் சுவர் நம்மிடையே எழுந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. காலனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பிள்ளைகளை மதம் மாற்றிவிடும் என்ற அச்சம் பல முஸ்லிம் ஊர்களை அவற்றிலிருந்து விலகி நிற்கச் செய்தது. இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) இந்த அச்சத்தை எதிர்கொண்ட முறை இன்றும் படிக்கத்தக்கது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி நவீனக் கல்வியின் தேவையை இடைவிடாமல் எழுதினார். 1892இல் கொழும்பில் அவரும் வாப்பிச்சி மரிக்கார் முதலியோரும் நிறுவிய அல்-மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யாவே பின்னர் ஸாஹிரா கல்லூரியாக வளர்ந்தது. மார்க்கமும் பிற பாடங்களும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட வேண்டும் என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் வந்த பிறகும் இரண்டும் தனித்தனி அறைகளிலேயே இருப்பதுதான் இன்றைய சிக்கல்.

இரண்டையும் இணைக்கும் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு நான்காம் வகுப்பு 'கொள்ளளவு' பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்கள் 'முத்து' என்ற அக்கால அளவையில் ஒரு முத்து தண்ணீரில் உளூச் செய்வார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. முத்து என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலையும் பள்ளியிலிருந்து ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகட்டும். ஒரு பிள்ளை வழக்கம்போலக் குழாயைத் திறந்து உளூச் செய்ய, கீழே வைத்த வாளியில் தண்ணீர் சேரட்டும். சேர்ந்த தண்ணீரைப் பாட்டிலால் அளந்து, எத்தனை லிட்டர், எத்தனை மில்லிலிட்டர் என்று பிள்ளைகளே பலகையில் எழுத வேண்டும். பிறகு அதே பிள்ளை ஒரு சொம்பில் ஒரு லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு உளூச் செய்து பார்க்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியின் பிள்ளைகள் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு வேளைத் தொழுகைக்கு வீணாகும் தண்ணீர் கிடைக்கும்.

இந்த ஒரு மணிநேரத்தில் லிட்டர், மில்லிலிட்டர், கழித்தல், பெருக்கல் ஆகியவை வந்துவிடுகின்றன. உளூவின் வரிசை வந்துவிடுகிறது. நபிவழி ஒன்று அளந்து பார்க்கப்பட்ட உண்மையாகிறது. வீண்விரயம் கூடாது என்ற அறிவுரையை ஆசிரியர் வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஹவுள் (உளூச் செய்வதற்கான தண்ணீர்த் தொட்டி) உள்ள பழைய பள்ளிவாசல் அருகில் இருந்தால் அங்கும் அழைத்துச் செல்லலாம். ஹவுளில் உளூச் செய்யும் முறையையும் குழாயில் செய்யும் முறையையும் ஒப்பிட்டுப் பேசுவதற்குப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கும். இவ்வாறே எடையளவைப் பாடத்தை 83ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களோடு சேர்த்து நடத்தலாம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கும் வசனங்கள் அவை. வகுப்பில் ஒரு கடை போட்டு, தராசைக் கொண்டுவந்து, வாங்குபவரும் விற்பவருமாகப் பிள்ளைகளை மாற்றி மாற்றி நிறுத்தினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு அறிவியல் பாடத்தின் முடிவிலும் ஒரு வசனத்தை ஒட்டி, இதைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று முடிப்பது ஒருங்கிணைப்பாகாது. பாடநூலில் இன்று இருக்கும் விளக்கம் நாளை திருத்தப்படலாம். அப்போது பிள்ளையின் மனத்தில் வசனமும் சேர்ந்து ஆட்டம் காணும். காற்றை அனுப்பி மேகத்தைக் கிளப்பும் இறைவனைப் பற்றிய 30ஆம் அத்தியாயத்து 48ஆம் வசனத்தை நீர்ச்சுழற்சிப் பாடத்தில் ஓதலாம். அது வியப்பையும் நன்றியையும் எழுப்புவதற்காக ஓதப்பட வேண்டும். ஆவியாதலை நிறுவுவதற்கு வெயிலில் வைத்த தட்டுத் தண்ணீரே போதும்.

பித்ரத்: பிள்ளையைப் பற்றிய நம் முதல் எண்ணம்

ஒவ்வொரு குழந்தையும் பித்ரத்தில், அதாவது இயல்பான தூய தன்மையில், பிறக்கிறது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி. பிள்ளையின் உள்ளம் எதுவும் பொறிக்கப்படாத மாணிக்கம், அது பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்று இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் எழுதுகிறார். இந்தக் கருத்தை மனத்தால் ஏற்பது எளிது. பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும் மழைநாள் பிற்பகலில் அதன்படி நடப்பதுதான் கடினம்.

பிள்ளையின் தவறு அதன் இயல்பிலிருந்து வந்ததா, அறியாமையிலிருந்து வந்ததா என்பதில் ஆசிரியர் எடுக்கும் முடிவே அடுத்து அவர் பேசப்போவதைத் தீர்மானிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி), சாப்பாட்டுத் தட்டில் அங்கும் இங்குமாகக் கையை அலையவிட்டபோது அவர்கள் சொன்னது மூன்றே செய்திகள்: 'சிறுவனே, அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் உண், உன் அருகில் உள்ளதிலிருந்து உண்.' என்ன செய்யக்கூடாது என்ற பட்டியல் இதில் இல்லை. முன்பு செய்த குற்றங்களின் நினைவூட்டல் இல்லை. அடுத்த கவளத்தில் செய்து பார்க்கக்கூடிய செயல்கள் மட்டுமே இருக்கின்றன. அன்றிலிருந்து தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவர் பிற்காலத்தில் அறிவிக்கிறார். ஆசிரியர்கள் தம் கண்டிப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 'எத்தனை தடவை சொல்றது?' என்பது பிள்ளை செய்யக்கூடிய எதையும் சொல்லவில்லை. 'செருப்பை ஜோடியாச் சுவரோரம் வை' என்பது சொல்கிறது.

அடுத்து, பலரும் மேற்கோள் காட்டும் ஹதீஸ் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழும்படி ஏவுங்கள், பத்து வயதில் அதற்காக அடியுங்கள் என்று அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தியின் பிற்பகுதி மட்டுமே பல இடங்களில் நினைவில் நிற்கிறது. முற்பகுதியைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளுக்கு ஐந்து வேளை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அன்போடு அழைத்த பிறகுதான் அந்தப் பிற்பகுதிக்கே பேச்சு வருகிறது. அதுவும் பெற்றோரை நோக்கியது. காயம் ஏற்படக்கூடாது, கோபத்தில் கை ஓங்கக்கூடாது என்று ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் வரம்பிட்டது. இந்த மூன்று ஆண்டுகள் நம் பள்ளியின் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை உள்ள காலம். ஆகவே தொடக்கப்பள்ளிக்கு இந்த ஹதீஸ் தருவது அழைக்கும் வேலையை மட்டுமே. தம்மிடம் பத்தாண்டுகள் பணிசெய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்ற செய்தியை உஸ்தாதின் மேசைக்கு எதிரே எழுதி மாட்டிவைக்கலாம்.

இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில் கடுமையாக நடத்தப்படும் மாணவரைப் பற்றி எழுதியது இன்றைய உளவியலாளர் எழுதியதுபோல இருக்கிறது. அடக்குமுறையில் வளரும் பிள்ளை, அடிக்கு அஞ்சி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடக்கப் பழகுகிறது. பொய்யும் சூழ்ச்சியும் அதன் குணமாகிவிடுகின்றன என்கிறார். தொழுகையைக் கற்பிக்கப் பிரம்பை எடுத்தால், பிள்ளை கற்பது நயவஞ்சகமாகவும் இருக்கலாம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. அச்சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் காட்டி வாதிடுவோரும் இருக்கிறார்கள். சட்டம் எட்டாத இடம் என்பதால் அடிக்கலாம் என்று கருதும் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதிருப்பதே நலம்.

படிப்படியாக

குர்ஆன் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்டது. இதிலிருந்து கற்பித்தல் முறைக்குக் கிடைக்கும் கொள்கை தத்ரீஜ், அதாவது படிநிலை. இப்னு கல்தூன் ஒரு பாடத்தை மூன்று சுற்றுகளில் நடத்தச் சொல்கிறார். முதல் சுற்றில் பொருளின் முக்கியக் கூறுகளைச் சுருக்கமாகவும், இரண்டாம் சுற்றில் விளக்கங்களோடும் கருத்து வேறுபாடுகளோடும், மூன்றாம் சுற்றில் ஐயம் எதுவும் எஞ்சாதபடியும் நடத்த வேண்டும்.

தொழுகையை இப்படி மூன்று சுற்றுகளாகப் பிரிக்கலாம். ஒன்றாம் வகுப்பில் பெரியவர்களின் பின்னால் நின்று அசைவுகளைப் பார்த்துச் செய்தால் போதும். எதையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் ஓத வேண்டியவற்றைச் செவிவழியாகப் பழக்கி, ஸூரத்துல் ஃபாத்திஹாவின் பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் ஃபர்ளு (கட்டாயம்), ஸுன்னத் (நபிவழி) என்ற பகுப்பும், தவறினால் என்ன செய்வது என்பதும் வரலாம். நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: தொழுது பழகாத ஆறு வயதுப் பிள்ளை தொழுகையின் ஃபர்ளுகளை வரிசையாக ஒப்பிக்கிறது.

நோன்பிலும் இதே ஒழுங்கு. ஆஷூரா நோன்பின்போது நபித்தோழியர் தம் பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, பசியால் அழுதால் கம்பளியால் செய்த பொம்மையைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை விளையாட்டுக் காட்டினார்கள் என்று ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார். ரமளானில் வகுப்பில் யார் நோன்பு, யார் நோன்பில்லை என்று கை தூக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, நோன்பு வைத்த பிள்ளைகளுக்குப் பிற்பகலில் கதையும் கைவேலையும் வைத்துக்கொள்வது இதற்கு நெருக்கமானது.

விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். பாடம் முடிந்து வந்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பில் வருத்தினால் உள்ளம் மரத்துப்போகும், அறிவுக்கூர்மை மழுங்கும் என்று எழுதியவரும் இமாம் கஸ்ஸாலிதான். காலை ஆறரைக்கு மக்தப், ஒன்பதுக்குப் பள்ளி, நான்கரைக்கு டியூஷன், அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு மீண்டும் ஓதல் என்று நாளை வகுத்திருக்கும் ஊர்களில், பள்ளியும் மக்தபும் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முழுநாள் அட்டவணையைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஸூராவைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பது அப்போது தெரியவரும். அதில் ஒன்றைக் குறைத்தாலே அரைமணிநேரம் விளையாடக் கிடைக்கும்.

பொருள் தெரிந்து ஓதுதல்

ஒவ்வொரு தூதரும் அவருடைய சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்கிறது 14ஆம் அத்தியாயத்தின் நான்காம் வசனம். குர்ஆனை முதலில் ஓதக் கற்பதா, பொருள் விளங்கும் மொழியறிவை முதலில் தருவதா என்ற கேள்வி புதிதன்று. அந்தலூசியாவின் (முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயினின்) காழி அபூபக்ர் இப்னுல் அரபி (1076–1148), மொழியையும் கவிதையையும் முதலில் கற்பித்து, பிறகு கணக்கு, அதன் பிறகே குர்ஆன் என்ற வரிசையை முன்வைத்தார். பிள்ளைகளுக்கே விளங்காத ஒன்றை அவர்களை ஓதச் செய்வது அவருக்கு வியப்பாக இருந்தது. இப்னு கல்தூன் இந்த வரிசையைப் பாராட்டிவிட்டு, ஆனால் மக்களின் வழக்கம் இதற்கு இடம் தராது என்றும் சேர்த்து எழுதினார். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கம் அசையவில்லை. பிள்ளைப் பருவத்தில் நெஞ்சில் பதிந்த ஓதல் வாழ்நாள் முழுதும் நிற்கிறது என்பதால் அதற்கு நியாயமும் உண்டு. ஆகவே ஓதலை முதலில் வைத்துக்கொண்டே பொருளைப் பின்தங்காமல் கூட்டிச் செல்வதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

தமிழ் முஸ்லிம்களிடம் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அர்வி என்ற அரபுத்தமிழில், தமிழ் ஒலிகளுக்கெனத் தனி எழுத்துகளை உருவாக்கி, மார்க்கச் சட்டமும் பாடல்களும் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நிறைய எழுதினார்கள். குர்ஆன் ஓதக் கற்ற ஒருவர், அதே எழுத்தறிவைக் கொண்டு தம் தாய்மொழியில் மார்க்கத்தைப் படித்துக்கொள்ள முடிந்தது. இன்று அர்வியை மீட்பது தொடக்கப்பள்ளியின் வேலையாக இருக்க முடியாது. பிள்ளை தமிழில் நினைக்கிறது என்பதை அந்த ஆலிம்கள் மறக்கவில்லை என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் இதைச் செய்ய, ஒரு சிறிய ஸூராவுக்கு ஒரு வாரம் ஒதுக்கலாம். முதல் இரண்டு நாள் ஓதல், மூன்றாம் நாள் தமிழில் பொருள், நான்காம் நாள் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் அதை வீட்டில் உள்ள ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்காட்டுதல். 107ஆம் அத்தியாயமான ஸூரத்துல் மாஊன் இதற்கு மிகவும் ஏற்றது: அநாதையை விரட்டுவதும், சிறு பொருளை இரவல் தர மறுப்பதும் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பென்சில் இரவல் பற்றிய வழக்குகள் வகுப்பில் தினமும் நடப்பவைதானே.

உச்சரிப்பில் பொறுமை தேவை. ஸே, ஸீன், ஸாத் என்ற மூன்று அரபி எழுத்துகளும் தமிழ்க் காதுக்கு ஒரே 'ஸ'வாகவே முதலில் கேட்கும். ரமளான், உளூ, ளுஹர் என்று நாம் எழுதும் 'ள' தமிழில் இல்லாத அரபி ஒலிகளுக்கு நம் முன்னோர் கண்ட இடப்பெயர்ப்பு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் முதலாண்டிலேயே சரியான மக்ரஜை (ஒலி பிறக்கும் இடத்தை) எதிர்பார்ப்பது நியாயமாகாது. பழைய மக்தபில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சபக் (பாடம்) தனி. முன்னே ஓடுபவரும் பின்தங்கியவரும் ஒரே பாயில் உட்கார்ந்து தத்தம் வேகத்தில் ஓதினார்கள். தமிழ்நாட்டு அரசு 2022–23ஆம் கல்வியாண்டில் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துக் கற்பித்தபோது, மக்தபில் ஓதி வந்த பலருக்கும் அது பழகிய ஏற்பாடாகவே தோன்றியிருக்கும்.

ஒரே வகுப்பில் பலர்

ஹனஃபி, ஷாஃபிஈ என இரு மத்ஹபுகளையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பது தமிழகத்தில் வழக்கம். உளூவின் ஃபர்ளு நான்கு என்று ஒரு பிள்ளையும் ஆறு என்று மற்றொரு பிள்ளையும் சொன்னால் இரண்டும் சரி. எங்கள் வீட்டில் இப்படி, அவர்கள் வீட்டில் அப்படி என்று பிள்ளைகள் இயல்பாகச் சொல்லப் பழகுவதும் அதபின் பாடமே. ஆசிரியர் தம் வழியைச் சரியென நிறுவ இந்த வயதினரைக் களமாக்கக்கூடாது.

பிற சமயப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இன்னும் கவனம் வேண்டும். முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமயப் போதனைக்கு இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு இடம் தரவில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில், பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது. மாணவர் சேர்க்கையின்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஒப்புதல் தராத பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நூலக வேளையோ ஓவியமோ வைக்க வேண்டும். வராந்தாவில் சும்மா உட்கார வைப்பது தண்டனையாகிவிடும். மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்ற 2:256 வசனம் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தைவிட வலுவான காரணம். இலங்கையில் சமயம் பள்ளிப்பாடமாகவே இருப்பதாலும், அவரவர் தம் சமயத்தைப் படிப்பதாலும் இந்தச் சிக்கல் இதே வடிவில் எழுவதில்லை.

ஆசிரியரும் மதிப்பெண்ணும்

ஆசிரியருக்கான வழிகாட்டி நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றைக் கைரவானைச் சேர்ந்த இப்னு ஸஹ்னூன் (இறப்பு 870) எழுதினார். அதில் வானளாவிய தத்துவம் எதுவும் இல்லை. ஏழைப் பிள்ளையையும் செல்வர் வீட்டுப் பிள்ளையையும் சமமாக நடத்துவது, பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவாதிருப்பது போன்ற அன்றாட நியதிகள்தாம் இருக்கின்றன. கடைக்குப் போய் டீ வாங்கி வரப் பிள்ளையை அனுப்பும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை என்பதால், அந்த நூல் பழையதாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு: உஸ்தாதுக்குப் பிற ஆசிரியர்களைவிட மிகக் குறைந்த ஊதியம் தரும் பள்ளி, மார்க்கக் கல்வியின் மதிப்பு என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

மதிப்பெண் விஷயத்தில் தெளிவான கோடு போட வேண்டும். ஓதலின் திருத்தம், உளூவின் வரிசை, ஸூராவின் பொருள் ஆகியவற்றை மதிப்பிடலாம். இவை திறனும் அறிவும். இறையச்சத்துக்கும் நற்குணத்துக்கும் எண் போடக்கூடாது. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நபிமொழி; எண்ணத்தை ஆசிரியரால் பார்க்க முடியாது. சிறந்த அக்லாக் (நற்குணம்) பரிசு என்று ஆண்டு விழாவில் கொடுத்தால், பிறர் பார்க்கச் செய்யும் ரியாவுக்குப் பள்ளியே பயிற்சி கொடுத்ததாகிவிடும். அதற்குப் பதிலாக ஆசிரியர் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதத்துக்கு இரண்டு வரிகள் எழுதலாம். 'சண்டைக்குப் பிறகு தானாகப் போய்ப் பேசினான்', 'தொலைந்த பணத்தைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்' என்பதுபோலக் கண்ணால் கண்டதை மட்டும் தேதியிட்டு எழுத வேண்டும். நல்லவன், கெட்டவன் என்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை.

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையைக் கொடுக்கும்முன் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டலாம். பக்கம் வெறுமையாக இருந்தால், அந்தப் பிள்ளையை இத்தனை மாதங்களாக யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும்.